அக்கா வேண்டுமென்றே கெடுத்த போஸ்டர்கள்

என் அக்கா கிராஃபிக் டிசைன் படிக்கிறாள். கடைசி பிராஜெக்டுக்கான நூலக போஸ்டரைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஆனால் கைவிட்ட முயற்சிகளையும் நோட்டில் காட்டினால்தான் பாஸ். அதனால் இரண்டு வாரம் உட்கார்ந்து, வேண்டுமென்றே மோசமாக இருபது போஸ்டர்கள் வரைந்தாள்.

“நல்லா வரையத்தானேடி காலேஜுக்கு அனுப்பினோம்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நோட்டைப் புரட்டிய ஆசிரியை பதினேழாவதில் நின்றார். எழுத்தெல்லாம் மூலையில் குவிந்து, மீதி வெறும் மஞ்சள்.

“இவ்வளவு அழகா இருக்கே, இதை ஏம்மா விட்டே? இதுதான் உன் போஸ்டர். நீ முடிச்சுக் கொடுத்த அந்த இன்னொண்ணைக் கைவிட்டதுல சேர்த்துடு.”

அக்கா பாஸ்! வீட்டு வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

அவளோ, “ஏமாத்துறேன்னு நினைச்சேன்டா, கடைசில ரெண்டு வாரம் நிஜமாவே வேலை செஞ்சிருக்கேன்” என்று எரிச்சலோடு செருப்பை உதறினாள்.