யானைப் படத்துக்கு ஒரு சாமந்தி

பாகலூர் ரோட்டுக் கம்பெனியின் வரவேற்பறையில், ராகிக் காட்டுக்குள் காதை விரித்து ஓடிவரும் ஒற்றை யானையின் படம் சுவரடைக்கத் தொங்கியது. பரிசு வாங்கிய படம். அதன் ஓரத்தில் பச்சைத் துண்டோடு ஓடுகிற ஆள், அங்கே தரை துடைக்கும் சாந்தம்மாவின் புருஷன் திம்மராயன். அடுத்த நொடியே யானை அவனை மிதித்துக் கொன்றது. படமெடுத்த மகராசன் ஜீப்பை விட்டு இறங்கவேயில்லை.

வீட்டில் திம்மராயனுக்கு வேறு படமில்லை. அதனால் திதியன்று அந்தச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு சாமந்தியைச் செருகிக் கும்பிட்டாள். பின்னால் நின்ற மேனேஜர் செல்போனில் அவளைப் படமெடுத்தார்.

"புள்ளையார்னு கும்பிடறியாம்மா?"

"அது எங்க ஊட்டுக்காரருங்க சார்."

"யானையா?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுவாரம் அவள் படமும் பக்கத்தில் தொங்கியது. கீழே 'பக்தி' என்று எழுதியிருந்தார்கள். இரண்டையும் அவள்தான் துடைக்கிறாள். பூ மட்டும் வைக்கக் கூடாது. கண்ணாடியில் கறை படிகிறதாம்.