பிரேக் சார் குரல் பதிந்த கதை

ஒரு மைக்கை வாங்கினால் அதைச் சொருகிப் பேசிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த அப்பாவிகளில் நானும் ஒருத்தி. முடியாதாம். மைக்குக்கு ஒரு பெட்டி வேண்டுமாம். பெட்டியிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி போக வேண்டுமாம். கணினிக்குள் ஒரு மென்பொருள் இருக்க வேண்டுமாம். அதைத் திறந்தால் திரை முழுக்கப் பொத்தான்கள் வரும், அவற்றில் முக்கால்வாசியை நாம் தொடவே கூடாதாம். இதையெல்லாம் சொன்னவன் என் தம்பி. ஒரு இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். அவன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான்.

வீட்டுக்காரர் பாடகர் இல்லை. குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஸ்டியரிங் இல்லாத பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்தபடியே வாழ்நாளைக் கழித்தவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் பிரேக் சார். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருடைய சாதாரணப் பேச்சே ஒரு சத்தம்தான். பால் தீர்ந்துவிட்டது என்று அவர் வீட்டுக்குள் சொன்னால் மாடியில் இருப்பவர்கள் போய் வாங்கி வரலாம்.

எதையும் முறைப்படி செய்ய வேண்டும் அவருக்கு. இருக்கை, கண்ணாடி, பெல்ட் என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். நடந்து போகும்போதுகூட, ஈ காக்கை இல்லாத தெருவில் சிவப்பு விளக்கு எரிந்தால் தன்னந்தனியாக நிற்பார். நான் கடந்துபோய் அந்தப் பக்கம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். அவரிடம் படித்த யாரையும் அவர் பாராட்டியது கிடையாது. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வருபவர்களிடம், "சரி, கண்ணாடியப் பாத்து ஓட்டு" என்பதோடு சரி. கல்யாணமான புதிதில் எனக்கும் ஒருநாள் கற்றுக்கொடுத்தார். முதல் திருப்பத்தில் அவர் போட்ட சத்தத்தில் கதவைத் திறந்து இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு ஸ்டியரிங் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை.

அந்தக் குரல்தான் போகப் போகிறது என்றார்கள். தொண்டைக் கம்மலாகத் தொடங்கியது. கஷாயம், மாத்திரை என்று இழுத்தடித்த பிறகு பரிசோதனையில் கட்டி என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். பிறகு ஏதாவது ஒரு விதத்தில் பேச்சு வரலாம், ஆனால் இந்தக் குரல் வராது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்களை உட்காரவைத்து ஒரு யோசனை சொன்னாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க குரல்ல தினமும் வீட்ல பேசுறதையெல்லாம் பதிஞ்சு வெச்சுக்கங்க சார். அப்புறம் ஒரு டேப்லெட்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொத்தான் வெச்சுத் தர்றேன். அழுத்தினா உங்க குரலே பேசும். கஷ்டப்பட்டுக் கத்த வேணாம். எப்பவும் பேசுற மாதிரி பேசினாப் போதும். சீக்கிரம் செய்யுங்க, குரல் நாளுக்கு நாள் மோசமாகும்."

நான் அங்கேயே என் போனை எடுத்து நீட்டினேன். இதில் பேசுங்கள், இப்போதே ஆரம்பித்துவிடலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பெல்ட் போடாமல் வண்டியை எடுக்கச் சொன்ன குற்றம் எனக்குப் புரிந்தது.

அப்படித்தான் தம்பி உள்ளே வந்தான். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு சின்ன இரும்புப் பெட்டியையும் மைக்கையும் கொண்டுவந்து படுக்கையறை மேசையில் வைத்தான். ஜன்னலுக்கு என் நல்ல போர்வைகள் இரண்டும் போயின. எதிரொலியைத் தடுக்குமாம். வீட்டுக்காரர் முதலில் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தார். பிறகு மைக்கின் கோணத்தை. பிறகு மறுபடியும் நாற்காலியை. அன்றைக்குப் பதிவானது மொத்தமும் அவருடைய செருமல்.

பெட்டியில் 48 என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால்தான் மைக்குக்கு உயிர் வருமாம்.

"நாப்பத்தெட்டு வோல்ட்டா? வாய்க்குப் பக்கத்துல வெச்சுப் பேசணும், ஷாக் அடிக்காதாடா?" என்றார் அவர்.

"அடிக்காது மாமா. எல்லாரும் இப்படித்தான் பேசுறாங்க."

அவர் போய் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த விடுமுறை நாள் முழுக்க இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தார்கள். சாயங்காலம் போட்டுக் கேட்டால், மிக்ஸி ஓடுகிற சத்தமும், அடுப்படியில் நின்று நான் தம்பியைப் பற்றி எனக்கு நானே சொல்லிக்கொண்ட சில உண்மைகளும்தான் தெளிவாக இருந்தன. வீட்டுக்காரர் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். மென்பொருளில் மைக்கைத் தேர்ந்தெடுக்கவே இல்லையாம். கணினி தன் மூலையில் இருக்கும் பொட்டு மைக்கில் கேட்டதையெல்லாம் பதிந்திருக்கிறது. தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அக்கா, நான் அவ்வளவு மோசமா?" என்றான். ஆமாம் என்றேன்.

அது சரியானதும் வேறு வினை வந்தது. அவர் பேசுவது ஹெட்போனில் ஒரு நொடி தள்ளி அவருக்கே கேட்டது. யாரோ குறுக்கே வருவதாக நினைத்து அவர் பேச்சை நிறுத்தி வழிவிட்டார். வந்தவரும் நின்றுவிட்டார். இவர் மறுபடி ஆரம்பித்தால் அவரும் ஆரம்பித்தார். இதைச் சரிசெய்ய ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் அவர் குரல் காலையில் எழுந்து முகம் கழுவும்வரை வரவே வராத நிலைக்குப் போய்விட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயமெல்லாம் வெளியே வரும்போது எரிச்சலாகத்தான் வந்தது, நான் என்ன செய்ய?

ஒருவழியாகப் பதிவு நடந்தது. தம்பி பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பி ஓரிடத்தில் நிறுத்தி, அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டி, "இத மட்டும் தொடாதீங்க மாமா" என்று சொல்லிவிட்டு வெளியூருக்கு வாசிக்கப் போய்விட்டான். குமிழைச் சுற்றி ஒரு விளக்கு வளையம். குரல் அளவாக இருந்தால் பச்சை. மீறினால் சிவப்பு. அவர் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்தார். அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம்.

"எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது பதிவு. "தயவுசெய்து மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கவும்."

பேச்சுப் பயிற்சிப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ரொம்பத் தெளிவா இருக்கு சார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்ல இப்படித்தான் பேசுவாரா?" என்று கேட்டாள்.

முப்பது வருஷமாக இந்த மனிதர் எந்தச் சொல்லுக்கும் தயவுசெய்து போட்டதில்லை. அது ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவர் குரல்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்துவிட்டேன். வாரக்கணக்காக இருந்த நேரத்தையெல்லாம் கம்பியிலும் பெட்டியிலும் விட்டாயிற்று, இன்னும் பத்து நாளில் ஆபரேஷன், இருக்கிற குரலும் நூலாகிவிட்டது. "போதும், கழுத்தறுக்காதீங்க" என்று முடித்தேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் தொண்டையைத் தடவிக்கொண்டு, "அதுக்குத்தான் டாக்டர் இருக்காரே" என்றார். பிறகு போய் மைக் முன்னால் உட்கார்ந்தார்.

நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அன்றுதான் முதல்முறையாக அவர் பதிவதை நேரில் பார்த்தேன். "தண்ணி குடு" என்று அவர் எப்போதும்போல ஆரம்பித்தார். வளையம் சிவந்தது. உடனே வாய் மூடிக்கொண்டது. பச்சை வரும்வரை கைகட்டிக் காத்திருந்து, இன்னும் தணிவாகச் சொன்னார். மறுபடி சிவப்பு. மறுபடி நின்றார். கடைசியில் எது பச்சையில் போகுமோ அந்தக் குரலைத் தேடிப் பிடித்து, "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றார்.

அடப்பாவி மனிதா. சிக்னலுக்கு நிற்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் பெட்டி, மைக், கணினி எல்லாவற்றையும் கம்பியோடு வாரிக்கொண்டு வெளியே போனேன். "ஏய், எங்க கொண்டுபோற, கம்பி அறுந்துரும்" என்று பின்னாலேயே வந்தார். வாசலில் நின்ற பயிற்சிக் காருக்குள் எல்லாவற்றையும் வைத்தேன். கணினியை அவர் மடியில் கொடுத்து அவருடைய இருக்கையில் உட்காரவைத்தேன். மைக்கை டாஷ்போர்டின் மேல் நிறுத்தி, இரும்புப் பெட்டியை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் வைத்தேன். சுற்றிவந்து, முப்பது வருஷத்துக்குப் பிறகு ஸ்டியரிங் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

அவர் கால் தானாகப் பிரேக் மேல் போனது. "சீட்ட முன்னாடி இழு" என்றார். "எங்க பாக்குற? கண்ணாடியப் பாரு. பெல்ட் யாரு போடுவா, உங்கப்பாவா?"

குரல் கம்மியிருந்தது, கிழிந்திருந்தது, ஆனால் அவர்தான் அது. அசல் அவர். வளையம் சிவந்தது. உடனே நின்றுவிட்டார். நான் கையை நீட்டி அந்த விளக்கை உள்ளங்கையால் மூடினேன்.

"நிக்காதீங்க. போங்க."

"சிவப்பு எரியுதும்மா."

"எரியட்டும். யாரும் ஃபைன் போட மாட்டாங்க. போங்க."

போனார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, சாவிகூடப் போடவில்லை. நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வேண்டுமென்றே கண்ணாடியைப் பார்க்காமல் இருந்தேன், கியரைப் போட்டு உலுக்கினேன். அவர் என்னைத் திட்டித் தீர்த்தார். நடுநடுவே தண்ணீர் கொடுத்தேன். ஃபேன் வேகமா ஓடுது, என்ன சொல்வீங்க என்று கேட்டேன். கரண்ட் போயிருச்சு, என்ன சொல்வீங்க? என் தம்பி வந்திருக்கான், என்ன சொல்வீங்க? எல்லாவற்றுக்கும் அவரிடம் சொந்தமாகப் பதில் இருந்தது. தெருவில் போன ஒருவர் நின்று, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, குடும்பச் சண்டை என்று நினைத்து நகர்ந்துவிட்டார்.

கடைசியில் குரல் ஓய்ந்து காற்றாக வந்தது. போதும் என்று ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். அவர் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே, "பரவால்ல. நல்லாத்தான் ஓட்டுற" என்றார்.

வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. நான் மறுபடி வளையத்தின் மேல் கையை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஊரிலிருந்து திரும்பிய தம்பி பதிவைக் கேட்டுவிட்டு, "அங்கங்க உடையுதே அக்கா. அந்தக் குமிழக் கொஞ்சம் கீழ திருப்பியிருந்தா சிவப்பே எரிஞ்சிருக்காதே" என்றான். ஒட்டுநாடா ஒட்டியது யார் என்று கேட்டேன். திரும்பப் பதியலாமா என்றான். முடியாது. மறுநாளே குரல் நின்றுவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துளையோடும் கையில் டேப்லெட்டோடும் படுத்திருந்தவர், கண் விழித்துத் தெளிந்த அன்று, விரலால் தேடித் தேடி ஒரு பொத்தானை அழுத்தினார். "ஃபேனக் குறைக்க இந்த வீட்ல ஆளே இல்லையா?" என்று வார்டு முழுக்க அதிர்ந்தது. செவிலி ஓடிவந்து குறைத்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, மூக்கைச் சிந்தப் புடவைத் தலைப்புதான் கிடைத்தது.

இப்போது நான் நிஜமாகவே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலித் தெருவில், அவர் பக்கத்து இருக்கையில், கால் பிரேக்கில், டேப்லெட் மடியில். கண்ணாடியைப் பார்க்கச் சொல்லும் பொத்தான் தேய்ந்தே போய்விடும். அந்தக் கடைசிப் பதிவுக்கும் ஒரு பொத்தான் உண்டு. கீழ்வரிசையில், ஓரத்தில். நானே கேட்டு வாங்கி வைத்தது. அதை நானே அழுத்திக் கேட்கலாம், ஆனால் அது செல்லாது. அவர் அழுத்த வேண்டும். அவரோ அந்த மூலைக்கு விரலைக் கொண்டுபோவதே இல்லை. எத்தனை திருப்பம் ஒழுங்காகத் திரும்பினாலும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேற்று இரண்டு லாரிகளுக்கு நடுவே பின்னால் எடுத்து, ஒரே தடவையில் உரசாமல் நிறுத்தினேன். அவர் இரண்டு பக்கமும் தலையை நீட்டிப் பார்த்தார். பிறகு விரல் கீழ்வரிசைக்குப் போனது.

"பரவால்ல. நல்லாத்தான் ஓட்டுற."

கண்ணீர் கண்ணை மறைத்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததை மறந்து கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி பின்னால் நின்ற லாரியை நோக்கித் துள்ளியது. அதற்குள் அவர் கால் அழுந்தி, என்ஜின் அணைந்து, ஒரு சாண் இடைவெளியில் நின்றோம். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேல்வரிசையில் முதல் பொத்தானை அழுத்தினார். வளையம் சிவந்தபோது பதிந்தது அது, நடுவில் குரல் இரண்டாக உடையும்.

"பிரேக்குன்னா பிரேக்கு. நான் தமிழ்லதான சொல்றேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். பிறகு சாவியைத் திருப்பினேன்.