என் வீட்டில் மட்டும் சாப்பிடாத மகள்

போன வருடம், காலாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். பாலவாக்கத்தில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில், மாடியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் நான் தனியாகக் குடியிருந்தேன். எனக்கும் என் மனைவிக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. ஆறாம் வகுப்பு படிக்கும் எங்கள் ஒரே மகள் மயிலாப்பூரில் அம்மாவுடன் இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் நான் போய் அழைத்து வரலாம், ஞாயிறு மாலைக்குள் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். கோர்ட்டில் அப்படி ஏற்பாடு. அது போதவில்லை, லீவு நாட்களில் பாதியாவது எனக்கு வேண்டும் என்று மறுபடியும் மனு போட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பிடித்த எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து வைத்திருந்தேன். தட்டைப் பார்த்தாள். "பசிக்கலப்பா" என்றாள். சரி, காலையில் நன்றாகச் சாப்பிட்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் பீச்சுக்குப் போனபோது சுண்டலை அப்படி வாரி வாரிச் சாப்பிட்டாள். பசியில்லாத பிள்ளை சாப்பிடுகிற சாப்பாடா அது? ராத்திரி தோசை வார்த்தேன். "வேணாம்பா." மறுநாளும் அதே கதை.

அடுத்த வாரம் தண்ணீர் பாட்டிலையும் அங்கிருந்தே கொண்டுவந்துவிட்டாள். என் வீட்டுக் குடத்துத் தண்ணீரைத் தொடவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்று திருவான்மியூரில் பரோட்டா பார்சல் வாங்கி வந்தேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய், மாடிப்படியில் உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள். அப்படியென்றால் சாப்பாட்டில் குறையில்லை, என் வீட்டில்தான் குறை.

"அம்மா ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லியே" என்றாள், நான் கேட்டு முடிப்பதற்குள். அந்த அவசரம்தான் எனக்கு உறுத்தியது.

கிண்டியில் என்னோடு வேலை செய்யும் நண்பனிடம் சொன்னேன். "மச்சி, இன்னா நீ இவ்ளோ அப்பாவியா கீற? சின்னப் பொண்ணு தானா இப்படிப் பண்ணுமா? சொல்லிக் குடுத்து அனுப்பிக்கினு கீறாங்க. வக்கீலாண்ட சொல்லு" என்றான். என் மனதில் இருந்ததைத்தான் அவன் சொன்னான். வக்கீலோ, முதலில் கிளாஸ் டீச்சரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், அம்மா பிள்ளையின் மனதைக் கெடுக்கிறாள் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் நமக்கு நல்லது என்றார்.

பள்ளிக்கூடம் ராஜா அண்ணாமலைபுரத்தில். கிளாஸ் டீச்சர்தான் இங்கிலீஷும் நடத்துகிறவர். சுற்றி வளைத்து என் மகள் வீட்டு விஷயம் ஏதாவது பேசுகிறாளா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை எதுக்கு சார் கேக்கறீங்க?"

"சும்மாதான் மேடம்."

"அவ இல்லாதப்போ அவளைப் பத்தி நான் எதுவும் பேசறதா இல்ல சார். வெள்ளிக்கிழமை டிராமா கிளாஸ். பேரண்ட்ஸ் எல்லாரையும் பார்க்க வரச் சொல்லியிருக்கேன். வந்து உக்காந்து பாருங்க."

இவரும் அந்தப் பக்கம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வெள்ளிக்கிழமை போனபோது வகுப்பின் கடைசி பெஞ்சில் ஓர் ஓரமாக என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மனைவியாக இருந்தவள் என்று சொல்ல வேண்டும், வாய் பழகவில்லை. இவன் எதற்கு வந்திருக்கிறான் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. டீச்சரோடு இவள் முன்னமே பேசிவைத்திருப்பாளோ என்று நான் நினைத்தேன். இன்னோர் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நாடகம் ஒரு கிரேக்கப் புராணக் கதை. வாயில் நுழையாத பெயர்கள், ஆனால் கதை எளிமையானது. பயிர்களுக்குத் தெய்வம் ஓர் அம்மா. அவள் மகளைப் பாதாள ராஜா தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். மகளைக் காணாத துக்கத்தில் அம்மா பூமியையே காயப்போடுகிறாள். கடைசியில் தேவர்கள் கூடிப் பேசி மகளைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். ஆனால் பாதாளத்தில் எதையாவது சாப்பிட்டவர்கள் அங்கிருந்து முழுதாகத் திரும்ப முடியாது என்று ஒரு சட்டம். அந்தப் பெண் சில மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டிருக்கிறாள். தின்ற முத்துக்கு ஒரு மாதம் என்று கணக்குப் போட்டு, வருடத்தில் அத்தனை மாதம் அங்கே, மீதி அம்மாவிடம் என்று தீர்ப்பாகிறது.

மகளாக நடித்தது என் மகள்.

நடித்து முடித்ததும் டீச்சர் ஒரு நாற்காலியை நடுவில் போட்டார். நடித்த பிள்ளை அதில் அந்தப் பாத்திரமாகவே உட்கார வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். இங்கிலீஷ் வரவில்லையென்றால் தமிழிலேயே பேசலாம். என் மகள் போய் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டா திரும்பி வர முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் சாப்பிட்ட?"

"அவரு தனியா சாப்பிட்டுட்டு இருந்தாரு. அவ்ளோ பெரிய அரண்மனை, ஒரே ஒரு தட்டு. பாவமா இருந்துச்சு."

பிள்ளைகள் சிரித்தார்கள். மனைவி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நீதானே இதைச் சொல்லிக் கொடுத்தாய் என்கிற பார்வை. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை.

"பாவம்னா இன்னும் நிறைய சாப்பிட்டிருக்கலாம்ல?" என்றான் ஒரு பையன்.

"எப்படி முடியும்? நான் எவ்ளோ சாப்பிடறேன்னு எண்ணிட்டே இருக்காங்க. நல்லா சாப்பிடறா, நல்லா தூங்கறா, இன்னும் கொஞ்ச நாள் சேத்துக் குடுங்கன்னு ராஜா கேப்பாரு. அங்க அம்மா காஞ்சு போயிடுவாங்க. அதான் கொஞ்சமா சாப்பிட்டேன்."

வகுப்பில் அது பாதாள ராஜாவின் வசனம். எனக்கு அப்படி இல்லை. 'நல்லா சாப்பிடறா சார், நல்லா தூங்கறா, அதைச் சொல்லிக் கேளுங்க' என்று, அவள் சாப்பாட்டை மறுக்கத் தொடங்குவதற்கு முந்தின வாரம், பால்கனியில் நின்று வக்கீலிடம் போனில் சொன்னது நான். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்குக் கேட்காது என்று நினைத்தேன்.

எதற்காக இந்தக் கதையை அந்த ஊர்க்காரர்கள் சொல்லி வைத்தார்கள் என்று டீச்சர் கேட்டார். குளிர்காலம் ஏன் வருகிறது என்று விளக்குவதற்கு என்றான் ஒரு பையன். "சண்டையில யாரும் ஜெயிக்காம நிறுத்தறதுக்கு மிஸ்" என்றாள் என் மகள்.

வெளியே வராந்தாவில் டீச்சரைப் பிடித்தேன். "இந்த வேஷத்தை எங்க பொண்ணுக்கு வேணும்னேதான் குடுத்தீங்களா மேடம்?" அப்போதும் என் சந்தேகம் விடவில்லை.

"அவளே கேட்டு வாங்கினா சார்" என்றார்.

மனைவி தூணோரம் நின்றிருந்தாள். போய்ச் சொன்னேன், போனில் என்ன பேசினேன் என்பதை. கேட்டுக்கொண்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "உங்க வீட்ல அவளைச் சரியா கவனிக்கறதில்லைன்னு நானும் என் வக்கீல்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை வந்ததும் அவ்ளோ சாப்பிடுவா. உங்க வீட்ல பட்டினி போடறீங்கன்னு நினைச்சேன்."

யாரும் யாரையும் மன்னித்துவிடவில்லை. ஆனால் அந்த வாரமே மனுவை நான் திரும்பப் பெற்றேன்.

அடுத்த சனிக்கிழமை ரசமும் அப்பளமும். "இங்க சாப்பிட்டா நாள் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. யாரும் கணக்கு எடுக்கல" என்றேன். என்னை உற்றுப் பார்த்தாள், அப்படியே அந்த டீச்சர் பார்த்த மாதிரி.

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "சாப்பிடுடி, ஆறிடப் போகுது" என்றது மயிலாப்பூர். அதற்குப் பிறகுதான் தட்டை இழுத்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் அவள் என் வீட்டில் நன்றாகவே சாப்பிடுகிறாள். ஆனாலும் முதல் வாய் எடுக்கும்போது ஓரக்கண்ணால் ஒருமுறை என்னைப் பார்ப்பாள், நான் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளையின் பசியைக்கூடச் சாட்சியாக்கப் பார்த்தவனுக்கு, அவள் நம்பிக்கையைத் திரும்பப் பெறத் தெரிந்த வழி இன்றைக்கும் அது ஒன்றுதான்.