படத்தில் வந்த பாதம்

சவர நுரையைத் துடைக்கப் பழைய செய்தித்தாளைக் கையகலத் துண்டுகளாகக் கிழித்துக்கொண்டிருக்கிறார். மந்திரி முகம், நடிகை முகம் எதற்கும் தயவு தாட்சண்யம் இல்லை. ஒரு தாளை மட்டும் கிழிக்காமல் மடித்து, சீப்புப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார். அதில் இருப்பது அவருடைய பாதம்.

எங்கள் தெரு சலூன்காரர். பகலெல்லாம் நின்றே வேலை. விடிந்தால் பூங்காவைச் சுற்றி வெறுங்காலில் ஓட்டம். “கல்லு குத்துச்சுன்னா கால் தானா பாத்து வைக்கும் சார். ஷூ போட்டா கால் தூங்கிடும்” என்று கத்தரியை நிறுத்திவிட்டு உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுவார். இப்படிப் பேசிப் பேசியே ஆறு பேரை ஓடவைத்தார். நானும் அதில் ஒருவன். ஏழாவது, அவர் மகள்.

மூன்று மாதத்துக்கு முன் சுவர்க்கண்ணாடி கழன்று காலில் விழுந்து, சுண்டுவிரல் எலும்பு முறிந்தது. முடிவெட்ட வந்த நிருபர் ஒருவர் அந்தக் கட்டுப்போட்ட காலைப் படமெடுத்தார். ஓட்டத்தைப் பற்றி விசாரித்தார். இவரும் வாய் நிறையச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் செய்தி வந்தது: ‘வெறுங்கால் ஓட்டம்: முறிந்தது எலும்பு!’ கண்ணாடியைப் பற்றி ஒரு வரி இல்லை. இவர் காலைப் பார்த்தே இராத மருத்துவர் ஒருவர் எச்சரித்திருந்தார்.

மறுப்புக் கடிதத்தோடு மூன்று முறை பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தார். “போடுறோம்னாங்க சார். எங்க போட்டாங்க? குப்பையிலதான்.” மூலை உடைந்த கண்ணாடி இன்னும் சுவரில்தான் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள்? “மாஸ்டர், கால் இருக்கா, எடுத்துட்டாங்களா?” என்று சிரித்தபடி நாற்காலியில் உட்காருகிறார்கள். ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். உண்மை தெரிந்தும், வீட்டில் திட்டுகிறார்கள் என்று சாக்குச் சொல்லி நானும் நின்றுவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

“பாப்பா ஓட வர்றா, அது போதும்” என்றார்.

இன்று எனக்குப் பாதி முகம் நுரையாக இருந்தபோது, அவள் வாசலில் வந்து நின்றாள். காலில் புது ஷூ.

“டீச்சர் அந்தப் பேப்பரைக் காட்டி, வெறுங்கால்ல ஓடினா டீம்ல இடமில்லன்னுட்டாங்கப்பா. மாமா வாங்கிக் குடுத்தாரு.” அழுதுவிடுவாள் போலிருந்தது.

அவர் கத்தியைத் துடைத்து மடக்கினார். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த லேஸை இழுத்தார்.

“கட்டுனா ஒழுங்கா கட்டணும். தடுக்கி விழுந்தா அதையும் என் தலையிலதான் எழுதுவாங்க.”

இரண்டு முடிச்சுப் போட்டார். போட்டு முடித்த பிறகும் அந்தக் காலை விடவில்லை.