குலத்தின் பற்றரி வானும் என்னுடைய கிணறுகளும்

கிணற்று மோட்டர் திருத்துகிறவனுக்குக் கடை, களஞ்சியம், கந்தோர் எல்லாமே அவனுடைய வான்தான். ஆகவே இன்னொருவனுடைய வானைப் பார்த்து வயிறெரிவதும் எங்கள் தொழிலில் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். காலையில் டீசல் வானைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வேலைக்குப் போகிற அன்பர்கள் யாராவது இதை வாசித்தால் என்னை மன்னிப்பார்கள்.

என்னைப்போலவே மோட்டர் திருத்துகிற குலத்தை நான் கடைசியாக உயிரோடு கண்டது ஓமந்தைக்குக் கிட்ட, பெரிய வீதியில். நான் வவுனியாப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஏதோ வெள்ளையாக அசைந்தது. பார்த்தால், டீசல் இல்லாமல் கரண்டில் ஓடும் அவனுடைய பற்றரி வான். வந்த சத்தமும் இல்லை, முந்துகிற சத்தமும் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்தபடியே இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான். நான் கியர் மாற்றுகிறவன் போலக் குனிந்துகொண்டேன். அவன் முந்திப் போனபோது பின்பக்கத்து இடது ரயரில் காற்று இறங்கியிருந்ததைக் கண்டேன். ஹோர்ன் அடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நெளுக்குளம் வரும்வரை அந்த ரயரை நினைத்துச் சந்தோஷமாக ஓடி வந்தேன். ரயருக்கு ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் விடிய, குலம் நித்திரையிலேயே மாரடைப்பில் போய்விட்டான். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன்.

இருவருக்கும் நெளுக்குளம்தான் ஊர், ஒரே தொழில். நான் எந்தப் பள்ளியிலும் இதைப் படிக்கவில்லை. எரிந்த மோட்டர்களைக் கழற்றிப் பார்த்துப் பழகியவன். எங்களுக்குள் கிணறு என்றால் வாடிக்கைக்காரர் என்று அர்த்தம். மோட்டர் நின்றால் ஒரு வீட்டார் முதலில் யாருக்கு ஃபோன் எடுக்கிறார்களோ, அந்தக் கிணறு அவருடையது. அப்படி என்னிடம் அறுபத்திரண்டு கிணறுகள் இருந்தன. கொழும்பில் யாரோ பாவித்த அந்தச் சின்ன வானைக் குலம் வாங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவை ஒவ்வொன்றாக அவன் பக்கம் போகத் தொடங்கின.

தொட்டில்

என்னுடைய வான் வருவது அரை மைல் தூரத்திலேயே தெரியும். அதை ஒரு வசதி என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். வீட்டார் நாயைக் கட்டிவிடுவார்கள், கேற்றைத் திறந்துவிடுவார்கள், அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்துவிடுவார்கள். குலத்தின் வான் அப்படியல்ல. முற்றத்தில் வந்து நின்ற பிறகும் ஒருவருக்கும் தெரியாது. ஒருமுறை ஓமந்தையில் ஒரு வீட்டில் அவன் போய் இறங்கியபோது அந்த வீட்டு மருமகள் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றாளாம், பெரிய சங்கடமாம் என்று கேள்விப்பட்டேன்.

இனி அந்த வீட்டில் அவனைக் கேற்றடிக்கும் அடுக்கமாட்டார்கள் என்று நினைத்து, வேறு வேலையாகப் போகிறவன் போல அந்தப் பக்கம் போனேன். மருமகள்தான் கேற்றடிக்கு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. மோட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லாக இருக்கிறது என்றாள். பிறகு சொன்னாள்: "குறை நினையாதேங்கோ அண்ணை, குலமண்ணை வந்தால் பிள்ளை எழும்பாது. நீங்கள் வாறதெண்டால் வானை றோட்டில விட்டிட்டு நடந்து வாங்கோ."

தனியன்

நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுவழியில் ஒரு தனியன் யானை நிற்கும். என் வானின் சைலன்சரில் ஓட்டை. அந்தச் சத்தம் அதற்குப் பிடிக்காது. இரண்டு முறை என்னைத் துரத்திக் கலைத்திருக்கிறது. ஒருமுறை, குழாய்களையும் ஜெனரேற்றரையும் ஏற்றிய வானைக் கால் மைல் தூரம் பின்னுக்கே ஓட்டியிருக்கிறேன். கழுத்து ஒரு கிழமை திரும்பவில்லை.

அதே யானைக்கு முன்னால் குலமும் ஒருநாள் மாட்டினான். அவன் வானை நிற்பாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறான். யானை வானைச் சுற்றி வந்து, ஒரு பக்கத்தில் கொஞ்சம் உரசிவிட்டு, காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டதாம். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒட்டுசுட்டான் நடராசா இதைக் கண்ணால் கண்டவர். அவரும் அப்போது என்னுடைய கிணறுதான். யானைக்கும் அவனைப் பிடித்துவிட்டதே என்ற எரிச்சலில், உரசினதில் வான் நெளியவில்லையா என்று கேட்டேன். நடராசா யோசித்துவிட்டுச் சொன்னார்: "நெளியேல்ல. ஆனா உங்கட வான்ர சத்தத்தைக் கேட்டால் எனக்கே கலைக்கோணும் போல கிடக்கு, அண்ணை."

வரிசையில்

டீசலுக்கு வரிசையில் கிடந்த காலத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. கிடந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். என் வான் மூன்று நாள் ஒரே வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. கரண்டும் அந்த நாட்களில் இருந்ததைவிட இல்லாத நேரம்தான் கூட. பற்றரி வான் இனிப் படுத்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். குலம் அதற்கு முன்பே வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட்டிருந்தான். வெயிலுக்கு எங்கள் ஊரில் வரிசை இல்லை.

அவன் அந்த மூன்று நாளும் எங்கள் வரிசையைத் தாண்டிப் போனான். என்னுடைய கிணறுகளுக்குத்தான் போனான் என்று பின்னர் தெரிந்தது. தண்ணியில்லாமல் இருந்த வீட்டாருக்கு அவன் போனது நியாயம்தான். மூன்றாம் நாள் மத்தியானம் நிறுத்தி, மனைவி கட்டித்தந்தது என்று ஒரு சோற்றுப் பார்சலையும் தண்ணிப் போத்தலையும் என் ஜன்னலுக்குள்ளால் தந்துவிட்டுப் போனான். நான் வேண்டாம் என்று சொல்லுமுன் போய்விட்டான். பார்சலைப் பிரித்தேன். கத்தரிக்காய்ப் பாற்கறி. எனக்கு முன்னால் நின்ற லொறிக்காரர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "நல்ல மனுசன். உங்கட முதலாளியோ, அண்ணை?"

ஒரு சுற்று

என் மனைவி பூமணிக்கு முள்ளந்தண்டில் நோய். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகவேண்டும். என்னுடைய வானில் கொண்டுபோவேன். றோட்டின் ஒவ்வொரு கிடங்கிலும், பள்ளத்திலும் வான் விழ, அவா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வா. மெத்தை போட்டுப் பார்த்தேன். மெத்தைக்குக் கீழே பழைய சைக்கிள் ரியூப்களில் காற்றடித்துப் போட்டுப் பார்த்தேன். வில்லுத் தகடுகளில் ஒன்றைக் கழற்றியும் பார்த்தேன். கிடங்குகளை ஒருமாதிரிச் சமாளித்தாலும், எஞ்சின் நடுக்கம் மிதிப்பலகையிலிருந்து மேலே வரும். அதை நிற்பாட்ட ஒரு வழியும் இல்லை.

டீசல் இல்லாத அந்த மாதத்தில் கிளினிக் நாள் வந்தது. நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. காலையில் குலத்தின் வான் முற்றத்தில் நின்றது. குழாய்களை இறக்கிவைத்துவிட்டு, வானின் பின்தட்டைக் கழுவி, பாயும் மெத்தையும் விரித்துக்கொண்டு வந்திருந்தான். நான் பின்னால் அவாவின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். புகையிரதக் கடவைக்கு முன்பே பூமணி கண்ணயர்ந்துவிட்டா. நோய் வந்த பிறகு பகலில் அவா நித்திரை கொண்டதை நான் கண்டதில்லை. ஆஸ்பத்திரி வாசல் வந்தது. குலம் நிற்பாட்டாமல் ஓடினான். எங்கே போகிறாய் என்றேன். "அக்கா நித்திரை, அண்ணை. நம்பர் கூப்பிட நேரம் கிடக்கு. ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வருவம்" என்றான். டவுனை மெதுவாகச் சுற்றி, குளக்கட்டுப் பக்கமும் போய் வந்தான். அவனுக்கு அன்று இரண்டு வேலை காத்திருந்தது என்பது எனக்குத் தெரியும். இரண்டும் என்னுடைய பழைய கிணறுகள்.

நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு வேறொன்று வந்தது. நான் முப்பத்தொரு வருடம் ஓட்டிக்கொண்டு திரிந்த வானில் அவாவுக்கு வராத நித்திரை, இன்னொருவன் வானில் கால்மணித்தியாலத்தில் வந்துவிட்டது. பூமணி அந்த வருடம் மார்கழி வரைதான் இருந்தா. மிச்சக் கிளினிக் நாட்கள் எல்லாம் குலத்தின் வானில்தான். அந்த முதல் நாள் பின்னேரம் வீட்டில் கட்டிலில் சாய்ந்தபடி அவா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "உங்கடதைக் குறை சொல்லேல்ல. ஆனா அதில போகேக்க எனக்கு நோ தெரியேல்ல. இனி அந்தத் தம்பியையே கேளுங்கோ."

ஆமைப் படம்

இனி என்னுடைய வெற்றியைச் சொல்கிறேன். ஒன்றே ஒன்றுதான்.

குலத்தின் வானின் பின்கதவுக்குள் ஒரு பிளக் இருந்தது. வானின் பற்றரியிலிருந்தே அரைக் குதிரைவலு மோட்டரை ஓட்டலாம். கரண்ட் கம்பி போகாத தோட்டங்களில் மோட்டரைப் பரிசோதிக்க நான் ஜெனரேற்றரை இறக்கி, கயிறு இழுத்து, புகை குடிக்கவேண்டும். அவன் பிளக்கைக் குத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வான். ஒட்டுசுட்டானுக்கு அங்கால், காட்டோரத்தில் ராமையா என்பவர் நிலக்கடலை போட்டிருந்தார். மலைநாட்டிலிருந்து தகப்பனோடு வந்து குடியேறியவர். அவருடைய மோட்டரைக் குலம் பூட்டி, ஓடுகிறதா என்று பார்க்க வானின் பிளக்கில் குத்திவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு ஒன்றைப் பார்க்கச் சைக்கிளில் போயிருக்கிறான். அரை மணித்தியாலத்தில் வருகிறேன், அதுவரை ஓடட்டும் என்று சொல்லியிருக்கிறான். அங்கே இறங்கின வேலை பின்னேரம் வரை இழுத்துவிட்டது.

மூன்றரை மணிக்கு எனக்குக் குலத்தின் ஃபோன் வந்தது. "அண்ணை, ஜெனரேற்றரைக் கொண்டு ஒருக்கா வருவீங்களோ?" நான் அவ்வளவு வேகமாக எந்தக் கிணற்றுக்கும் போனதில்லை. போய்ப் பார்த்தால் கடலைத் தோட்டம் முழுக்க வாய்க்கால் நிறைந்து நிற்கிறது. வானின் முன்திரையில் ஒரு ஆமைப் படம் எரிகிறது. பற்றரி தீரப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். குலம் வான் படியில் குந்தியிருந்தான். ஜெனரேற்றரை இறக்கிக் கொடுத்தேன். சார்ஜ் ஏறவில்லை, சிவப்பு லைற் எரிந்தது. குலம் வயரை மாற்றி மாற்றிக் குத்தினான். எர்த் இல்லாததுதான் காரணம் என்று தெரிந்தும் நான் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு இரும்பு அலவாங்கை ஈர மண்ணில் இறக்கி, ஜெனரேற்றரை அதோடு எர்த் பண்ணி, நியூட்ரலையும் சேர்த்துக் கட்டினேன். பச்சை எரிந்தது. மூன்று மணித்தியாலம் என்னுடைய ஜெனரேற்றர் அவனுடைய வானுக்கு ஊட்டியது. என் மனம் நிறைந்திருந்தது.

குலம் ராமையாவைப் பார்த்து, மோட்டர் ஓடுகிறது என்று தெரிந்த பிறகாவது நிற்பாட்டியிருக்கலாமே என்றான். ராமையா தோட்டத்தைப் பார்த்தார், வானைப் பார்த்தார். "தண்ணி வந்துச்சுங்க தம்பி. பத்து நாளா காஞ்சு கெடந்த கடலை. வர்ற தண்ணிய நான் எப்பிடிங்க நிப்பாட்டுறது?"

அந்தியேட்டிக்குப் பிறகு

குலத்தின் செத்த வீட்டில் நான் பந்தலுக்குக் கீழே கதிரையில் இருந்து, மனதுக்குள் கிணறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஓமந்தைப் பக்கம் இத்தனை, நெடுங்கேணி வீதியில் இத்தனை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அந்தப் பந்தலில் இருந்திருந்தால் அவர்களும் கணக்குப் பார்த்திருப்பார்கள். அடுத்த கிழமை சைலன்சரை மாற்றினேன். வானுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். ஃபோனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இரண்டு பேர் எடுத்தார்கள். பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சில நாள் கழித்து, ஓமந்தையில் அந்தக் கைக்குழந்தை வீட்டு முற்றத்தில் குலத்தின் வான் நிற்கக் கண்டேன். வானை நிற்பாட்டி இறங்கிப் போனேன். கிணற்றடியில் முக்காலி நட்டு, சங்கிலிக் கப்பியால் மோட்டரை மேலே எடுத்துக்கொண்டிருந்தது அவனுடைய மனைவி ரஞ்சி. உடுத்திருந்த சட்டைக்கு மேல் அவனுடைய பழைய சேட்டைப் போட்டிருந்தாள். குழந்தை உள்ளே நித்திரை என்று மருமகள் எனக்குக் கையால் சைகை காட்டினாள்.

எரிந்தபின் குலம் கம்பி சுற்றிக் கொடுத்த மோட்டர் இரண்டாம்முறை எரியாது என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. செம்புக் கம்பியை அப்படி ஒரே இழுவையில் அடுக்க எனக்கு இன்றைக்கும் வராது. அவனுடைய வேலையைக் கழற்றிப் பார்த்து நான் பல நாள் வயிறெரிந்திருக்கிறேன். அதைப் பாராட்டுகிற சாட்டில், இனி அந்த மாதிரிச் சுற்ற ஆளில்லையே தங்கச்சி என்றேன். ரஞ்சி சங்கிலியை விடாமல், என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதெல்லாம் குசினி மேசையில வைச்சு நான் சுத்தினது, அண்ணை. அவர் கொண்டுபோய்ப் பூட்டினவர். அவருக்குக் கம்பி சுத்தப் பொறுமை இல்லை."

இத்தனை வருடம் பிழையான ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். திரும்பத் தொடங்க எனக்கு வயது போய்விட்டது, ஆனாலும் அந்த முற்றத்திலேயே தொடங்கிவிட்டேன். நான் வானில் ஏறுகையில் அவள் கூப்பிட்டாள். "ஒட்டுசுட்டானுக்கு அங்கால நான் வரமாட்டன், அண்ணை. பற்றரி பழசாப் போச்சு, இப்ப போய்த் திரும்பக் காணாது. அதுகளை நீங்கள் பாருங்கோ."

அறுபத்திரண்டில் இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பவை, அந்த வான் போய்த் திரும்ப முடியாத தூரத்தில் இருக்கும் ஏழு கிணறுகள்.