பாட்டு மேலே போன வாரங்கள்

அமெரிக்காவில், நியூஜெர்சியின் பார்சிப்பனியில் எங்கள் டவுன்ஹவுஸை ஒட்டிய வீட்டில் ஒரு பாடகி குடியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வாரநாட்களில் பல் டாக்டர் ஒருவரிடம் ரிசப்ஷனிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுவார். கறுப்பின மக்களின் சர்ச்சுகளில் வளர்ந்த சோல் இசை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாட ஆரம்பித்தால் நான் மிக்ஸியை நிறுத்திவிடுவேன்.

கணவனை விட்டு ஒருத்தி கிளம்பிப் போகும் காலையைப் பற்றி அவரே எழுதிய பாட்டை ஒரு சின்ன கம்பெனி சிங்கிளாக, தனிப்பாட்டாக, வெளியிட்டது. யாரோ அதை வீடியோவில் போட, பரவிவிட்டது. வாரா வாரம் வரும் டாப் பாடல்கள் லிஸ்ட்டில் முதலில் எண்பத்தெட்டாம் இடம். அடுத்த வாரம் நாற்பத்தொன்று.

லிஸ்ட் வந்ததும் என் ஒன்பது வயது மகள் அவர் வாசலுக்கு ஓடுவாள். "ஆன்ட்டி, யூ ஆர் ட்வென்ட்டி டூ!" அவர் அவளைக் கட்டிக்கொள்வார். அப்படியே தலையைத் தூக்கித் தெருக்கோடிவரை ஒருமுறை பார்ப்பார்.

பாட்டின் அட்டையில் அவர் முகம் இல்லை. பெயரும் மாற்றுப் பெயர். டிவிக்குக் கூப்பிட்டும் போகவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

"இவ்வளவு மேல போகும்னு நான் நினைக்கல," என்றார் ஒருநாள். குரலில் சந்தோஷமே இல்லை. களைப்பு என்று அதையும் விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் இடம் வந்த அன்று கேசரி கிளறி எடுத்துப் போனேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் எங்களை போட்டோ எடுத்தாள். வீட்டுக்கு வந்து, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், அதை ஆன்லைனில் போட்டேன். டாப் டென் பாடகி எங்கள் பக்கத்து வீடு என்று ஊர்ப் பெயரோடு எழுதினேன். போட்டோவில் எங்களுக்குப் பின்னால் கதவில் வீட்டு எண் பளிச்சென்று தெரிந்தது. நிறைய பேர் ஷேர் பண்ணினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் மதியம் நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பெல் அடித்தது. வாசலில் ஒருவன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வெள்ளைப் பூக்கள். மரியாதையாகத்தான் பேசினான்.

"பக்கத்து வீட்ல யாரும் இல்ல. எத்தனை மணிக்கு வருவாங்க?"

அவன் சொன்ன பெயர் எனக்குத் தெரியாத பெயர். பாட்டின் அட்டையில் போட்ட பெயரும் இல்லை, நாங்கள் கூப்பிடும் பெயரும் இல்லை.

"அப்படி யாரும் இங்க இல்லையே," என்றேன்.

அவன் செல்போனைத் திருப்பிக் காட்டினான். அவர் கேசரி சாப்பிடுகிறார். பக்கத்தில் நான் சிரிக்கிறேன்.

"அந்தப் பாட்டு என்னைப் பத்தினது. சொல்லலையா?"

கதவைச் சாத்திப் பூட்டினேன். அவருக்கு போன் பண்ணினேன்.

"வீட்டுக்கு வராதீங்க."

"பூ கொண்டு வந்திருக்கானா?"

"ஆமா."

"போலீஸைக் கூப்பிடு. பூவோட வந்தாதான் எனக்கு ரொம்ப பயம்." பிறகு கேட்டார்: "எப்படிக் கண்டுபிடிச்சான்?"

"நான் போட்டோ போட்டேன்," என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதை எடுத்துடு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எடுத்தேன். ஷேர் ஆனதை என்ன செய்வது?

போலீஸ் வருவதற்குள் அவன் போய்விட்டான். பூக்கள் அவர் படியில் இருந்தன. பத்து வருடத்துக்கு முன் இந்த மனிதனிடமிருந்து தப்பித்து, மூன்று ஊர் மாறி வந்தவர் என்று அவருடைய தங்கை சொல்லித்தான் தெரிந்தது. சாமான்களை வேனில் ஏற்ற அந்தத் தங்கைதான் வந்தார். அவர் வரவேயில்லை.

அதற்கடுத்த வாரம் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. மகள் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்தாள்.

சில மாதங்கள் கழித்து நம்பர் தெரியாத ஒரு போன். "நல்லா இருக்கேன். குழந்தை எப்படி இருக்கா?" என்றார். எங்கே இருக்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போனேன். எதிர்ப்பக்கம் ஒரு கார் நின்றிருந்தது. கண்ணாடியை இறக்கி அவன் கேட்டான்: "அவ பேசினாளா?"

"இல்ல," என்றேன்.