கவிஞரின் கல்வெட்டு வாங்க மயிலிட்டிக்குப் போனது

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், மானிப்பாயில் மாஸ்ரராக இருந்த நான் மயிலிட்டிக்குப் போனேன். நண்பரான கவிஞர் இறந்து முப்பத்தொன்றாம் நாள், அந்தியேட்டிச் சடங்கு. காலை ஏழரைக்கு யாழ்ப்பாணம் பஸ், பிறகு காங்கேசன்துறை பஸ், மிச்சம் மூன்று மைல் வாடகைக் கார்.

"ஆரின்ரை வீட்டுக்கு?" என்றார் கார்க்காரர். சொன்னேன்.

"ஓ, கல்வெட்டுப் பாட்டு எழுதிறவரோ? என்ரை ஐயாவுக்கும் அவர்தான் எழுதினவர். அழாத சனமில்லை."

"நாவலும் எழுதினவர்."

"அப்பிடியோ? எனக்குத் தெரியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த கோபத்தில் கவிதை எழுதத் தொடங்கியவர். சிங்களப் பரீட்சைக்கு இருக்கமாட்டேன் என்று அரசாங்கக் கிளாக்கர் வேலையை விட்டவர். அதன்பின் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு, அதுதான் கல்வெட்டு, பாட்டெழுதிப் பிழைத்தார். ஈயாத மனிதரையும் வள்ளல் என்று பாட வேண்டிய பிழைப்பு. மனதில் பட்டதை எழுதியது அந்த ஒரு நாவலில்தான். வள்ளமும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டி, கடலுக்குப் போகிறவர்களின் பங்கில் கைவைக்கும் கதை. அந்தச் சம்மாட்டி கவிஞரின் மைத்துனர்தான் என்று மயிலிட்டி முழுக்கக் கண்டுபிடித்துவிட்டது. அவருக்குப் பயந்து ஊரில் ஒரு கடைக்காரரும் நாவலை வாங்கி வைக்கவில்லை.

கவிஞரின் கல்வெட்டை அச்சடித்ததும் அதே மைத்துனர்தான். சாப்பாடு முடிந்து கையில் தந்தார்கள். தேவாரம், வம்சாவளி, 'நற்கணவர், நன்மருமகன்' என்று யாரோ எழுதிய பாட்டு. நாவலைப் பற்றி மூச்சுக்கூட இல்லை. என்ன அநியாயம் இது!

"அண்ணை, நாவலைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?" என்று மைத்துனரிடம் கேட்டே விட்டேன்.

"உதுகள் ஏன் மாஸ்ரர்? செத்த மனிசனைப் பற்றி நல்லதைத்தானே எழுதவேணும்."

கவிஞரின் மனைவி பரமேசு கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனார். விற்காமல் கட்டிலுக்குக் கீழே கிடந்த நாவல் கட்டுகளை இழுத்துவந்து கயிற்றை அறுத்தார். வாசலில் நின்று, வெளிக்கிட்ட ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வைத்தார்.

"ஊருக்கெல்லாம் கல்வெட்டு எழுதினவர். தனக்கு எழுதினது இதுதான். கொண்டு போங்கோ."

அந்தியேட்டி வீட்டில் தருவதை யார் மறுப்பது? சம்மாட்டியும் சனம் பார்க்க இரண்டு கையாலும் வாங்கினார்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: திரும்பும் பஸ்ஸுக்கு நேரத்தோடு கிளம்புங்கள். வாசலில் காத்து நின்ற என் கார்க்காரருக்கும் ஒரு பிரதி கிடைத்திருந்தது. ஸ்டியரிங்கில் விரித்து வைத்திருந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ மாஸ்ரர். உந்தச் சம்மாட்டி என்ன செய்யப்போறான் எண்டு பாப்பம்."

பஸ் போய்விட்டது. அன்று முழுக்க எனக்குக் கோபம் வராதது அதற்கு மட்டும்தான்.